தங்கைக்கு வயிற்று வலி இல்லை

எங்கள் ஊர் பாகூர் பக்கம். இங்கே யாராவது தற்கொலைக்கு முயன்றால் வீட்டார் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தீராத வயிற்று வலி. என் தங்கை செல்விக்கும் அதையேதான் சொன்னார்கள்.

குழந்தை பிறந்ததிலிருந்தே அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. "செத்துடலாம்போல இருக்குது" என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். "பச்சப்புள்ளய வெச்சிக்கினு இன்னாடி பேச்சு இது?" என்று அம்மா அதட்டியதோடு சரி. ஒரு நாள் உயிரை விடத் துணிந்தேவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டதால் பிழைத்தாள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் காரணம் கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டு, "வயித்து வலிங்க" என்றார். டாக்டரும் வயிற்றுக்கு மருந்து எழுத ஆரம்பித்தார். செல்வி என் கையைப் பிடித்து, "எனக்கு வயிறு வலிக்கலக்கா" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "டாக்டர், இவளுக்கு வயித்துல ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்ல. சாவணும்னு சொல்லிக்கினே இருந்தா" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"பைத்தியம்னு பேரு வந்தா குடும்ப மானம் இன்னா ஆவறது?" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார்.

"பொணம்னு பேரு வந்தா மட்டும் மானம் நிக்குமா பெரியப்பா?" என்றேன்.

மனநோய் டாக்டரிடம் அனுப்பினார்கள். மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. இன்று செல்வி தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறாள். பெரியப்பாதான் என்னோடு பேசுவதில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலாவது வயிற்று வலி என்று மூடி மறைத்தால், நேரே போய் அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, "சாவணும்னு தோணுதா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் அழுகிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டட்டும்.