பன்னீர் திராட்சைக்குக் கவாத்து

தை 12, காலை ஏழேகால், தென்காசியில் பனி விலகாத நேரம். ஐந்து வருடமாகக் காய்க்காத என் பன்னீர் திராட்சைக் கொடியைக் காட்டி மனைவி மறுபடியும் ஆரம்பித்தாள். "சாரல் ஊருல திராட்சை எங்க காய்க்கும்? புடுங்கிப் போடுங்க, துணி காயப்போட இடமில்ல."

திராட்சை விளையும் கம்பம் ஊரிலிருந்து வந்து குற்றாலத்தில் பழம் விற்கும் கம்பத்துக்காரரை அழைத்து வந்தேன். அவர் கத்தரியை எடுத்ததும் கத்திவிட்டேன். "தொடாதேயும்! ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு இலை, எண்ணி வச்சிருக்கேன்."

"இலையையா திங்கப் போறீங்க பெரியவரே? பழைய கிளைய வெட்டிக் கவாத்து பண்ணினா வர்ற புதுக்கிளையிலதான் காய்க்கும்."

ஒரு கிளையைக்கூட வெட்டாமல் இத்தனை வருடமும் காய்க்கவிடாதவன் நான்தான். வெட்டச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வைகாசியில், சாரலுக்கு முன்பே, ஒன்பது குலை பழுத்தது. கடையில் மலிவாகக் கிடைக்குமே என்கிறார்கள். கிடைக்கட்டும்! அடுத்த தையிலும் வெட்டுவேன். பந்தல், உரம், கம்பத்துக்காரர் கூலி எல்லாம் சேர்த்து இதுவரை ஆனது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.