மூன்று பாடல்களுக்குப் பொறுப்பாளி

நீதிமன்ற வராந்தாவில் நின்று ஒரு வழக்கின் வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டிருந்தபோது ஜமால் பாயின் தம்பி ஷாநவாஸின் அழைப்பு வந்தது. "சார், அண்ணன் போய்ட்டாருங்க. கடையில உக்காந்துக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு." தேதி எண்ணை மட்டும் எழுதி, மாதத்தை எழுதாமலேயே நாட்குறிப்பை மூடியிருக்கிறேன். அதை மறுநாள்தான் கவனித்தேன்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் மின்விசிறியும் மிக்ஸியும் விற்ற ஜமால் பாயை உங்களில் பலர் அறிவீர்கள். கடைக்குப் பின்னால், மெத்தைப் பஞ்சு அடித்த சுவர்களுக்குள் அவர் நடத்திய பாட்டுப் பதிவு அறையை அறிந்தவர்கள் சிலரே. அந்த அறையின் காரணமாகத்தான் அவர் என்னிடம் முதலில் வந்தார். திருட்டு மென்பொருள் வைத்திருந்த யாரோ ஒருவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததாகக் கேள்விப்பட்டு, தம் கணினியில் இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியிருந்தார். அதன் உரிமத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். "இதுல எங்கனா மாட்டிக்குவனா, பாத்து சொல்லுங்க சார்."

மூன்று நாள் படித்து, அச்சமின்றிப் பயன்படுத்தலாம் என எழுத்துமூலம் கருத்துரை வழங்கினேன். பாய் அதை மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மூணு நாளா படிச்சீங்க? நான் சம்மதம்னு அமுக்கிட்டு அன்னிக்கே பாட்டு எடுக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றார். சட்டத்துக்கு அஞ்சிய மனிதரும் அவரே, அதற்காகக் காத்திராதவரும் அவரே.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் என் புல்லாங்குழலுடன் அங்கே போவது வழக்கமாயிற்று. ஐம்பது வயதில் கற்கத் தொடங்கியவன் நான். ஒருமுறை பதிவில் ஏதோ பிசிறு கேட்கிறதே, கணினியில் ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருளின் கோளாறா என்று கேட்டேன். பாய் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். "டிரைவர் நல்லாத்தாங்க இருக்குது. காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி, சுருதி கொஞ்சம் கம்மி."

அவரது வேலைமுறை எனக்கு ஒரு நல்ல தீர்ப்பைப் படிப்பது போலிருக்கும். கணினியின் ஒலி அமைப்பில் எதையேனும் மாற்றுமுன் பழைய நிலையை நோட்டில் எழுதுவார். ஒன்றை மட்டும் மாற்றுவார். காதால் கேட்பார். விளைவை எழுதுவார். அதன் பிறகே அடுத்தது. "ரெண்ட சேத்து மாத்திட்டு சரியாச்சுன்னா, எதால சரியாச்சுன்னு எப்டிங்க தெரியும்?" என்பார். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையை இங்கே பதிவு செய்தாக வேண்டும். கரியாலூரில் ஆசிரியையாக இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் கணக்கையும் எழுத்தையும் பாட்டாகக் கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை என முடிவாகியிருந்தது. குரல் பழையபடி திரும்பும் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை. வகுப்பில் ஒலிக்கவிட பத்துப் பாடல்களையாவது முன்கூட்டிப் பதிவு செய்துவிட விரும்பினார். அன்று மாலையே புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குப் பேருந்து.

அவரை அழைத்துவர பாய் பேருந்து நிலையம் போனார். நான் மட்டும் அறையில் இருந்தேன். கணினித் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: புதுப்பிப்புகள் உள்ளன, நிறுவலாமா? நோட்டீஸுக்குப் பதில் அளிக்காமல் விட்டால் எவ்வளவு கேடு வரும் என்பதை வாழ்நாள் முழுவதும் கட்சிக்காரர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். கடவுச்சொல்லை பாய் என்னை நம்பிச் சொல்லியிருந்தார். சம்மதம் என்று அழுத்தினேன். கணினி அணைந்து மீண்டும் எழுந்தது.

அவர்கள் வந்தபோது எந்த ஒலியும் வரவில்லை. "இன்னாவாச்சும் அமுக்கினீங்களா சார்?" என்று பாய் என் காதருகே கேட்டார். அப்டேட் கேட்டது, கொடுத்தேன் என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்தார்.

"இன்னா பாய், ஒரு மாசமா சொல்லிக்கினு இருக்கேன், இன்னிக்குன்னு பாத்தா? யாரு பண்ண வேலை இது?" என்றார் டீச்சர்.

"நான்தாங்க டீச்சர். காலைல அப்டேட் போட்டுட்டேன்."

"ஃபேன் விக்கிறவரு ஃபேனோட நிறுத்திக்கிறதுதான? எனக்கு இருக்கறது ஒரே தொண்டைங்க."

"நீங்க சொல்றது நியாயந்தாங்க" என்றார் பாய்.

நான் வாய் திறக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே வாதம் சொல்லிக்கொண்டேன்.

கோளாறு ஒன்றல்ல, மூன்று. கணினி தன் ஒலி வெளியீடுகளுக்குப் புதிதாக எண் கொடுத்திருந்தது. பாட்டெல்லாம் சவுண்ட் கார்டுக்குப் போகாமல், ஒலிபெருக்கியே இல்லாத திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணை எடுத்துவிட்டு கார்டின் பெயரையே எழுதிவைத்தார். அதற்குள் புதிதாக வந்த இன்னொரு ஒலிச்சேவை அந்த கார்டைப் பிடித்துக்கொண்டு, பதிவு மென்பொருளுக்கு விட மறுத்தது. அதை விடுவித்ததும் ஒலி வந்தது, இடையிடையே வெடிப்புச் சத்தத்துடன். ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவைப் படிப்படியாகக் கூட்டினார். அவசரத்தில்கூட ஒன்றை மாற்றி, கேட்டு, எழுதினார். மணி ஒன்றரை.

பத்தில் ஏழு பாடல்களே பதிவாயின. சிகிச்சைக்குப் பின் டீச்சருக்குக் குரல் வந்தது, ஆனால் மேல்ஸ்தாயி திரும்பவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம், "மூணு பாட்ட முழுங்கின பாய்" என்று பாதி கேலியாகவும் பாதி வலியோடும் சொல்வார். பாய் சிரித்துக்கொள்வார். ஒருநாள், நான் சொல்லிவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "வுடுங்க சார், என்னோட ரூம்ல நடந்துது. நான்தான பொறுப்பு?" என்றார். சட்டப்படி அது சரியான வாதம். அந்த வாதத்தின் நிழலில் நான்கு ஆண்டுகள் சௌகரியமாக இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாயின் வீட்டில் டீச்சரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த மனுசன அத்தினி பேர் எதிர்ல பேசினேனே. இப்ப நான் யார்கிட்டங்க போய் சொல்றது?"

டீச்சரே என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குதான் எழுத வருமே, எழுதுங்க. பாய தெரிஞ்சவங்க எல்லாம் படிக்கட்டும். என் பேரயும் போடுங்க."

பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஷாநவாஸ் எங்களைக் கடைக்கு அழைத்துப்போய்க் கணினியைத் திறந்தார். டீச்சரின் பெயரில் இருந்த கோப்புறையில் அந்த ஏழோடு இன்னும் மூன்று கோப்புகள்: விடுபட்ட மூன்று பாடல்களுக்கும் பின்னணி இசை, பாடும் குரல் இல்லாமல். நோட்டில் பாயின் கையெழுத்து: "சுருதி ரெண்டு கட்டை இறக்கியிருக்கு. டீச்சர் இப்பப் பேசற குரலுக்குச் சரியா வரும். அவங்களா வந்தா பாடறீங்களான்னு கேக்கணும்."

டீச்சர் ஹெட்போனை மாட்டி முதலாவதைக் கேட்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு கழற்றி வைத்துவிட்டு, "வர சனிக்கிழமை வரேன். மெசின யார் பாத்துப்பாங்க?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

ஜமால் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற இந்த வேலை.