அடையாற்றுக்குத் தெற்கே என் மனை

நாற்பத்திரண்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு சாந்தோமில் எங்கள் தெரு பாதி காலியாகிவிட்டது. ஜப்பான்காரன் கடல் வழியாக வருகிறான், பட்டணத்தில் அவசியமில்லாதவர்கள் வெளியேறிவிடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அண்ணன் குடும்பத்தோடு திருச்சியில் அண்ணியின் பிறந்த வீட்டுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் டிரங்குப் பெட்டியையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"நான் வரலை" என்றேன்.

"அவசியமில்லாதவங்க போகலாம்னா, அதுல நீயும்தான் சேர்த்தி."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. அண்ணன் வீட்டிலேயே கூடத்து மூலைதான் எனக்கு. அண்ணியின் பிறந்த வீட்டில் எந்த மூலை கிடைக்கும்? பெட்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்தேன். அவர்கள் போனார்கள். நான் இருந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீலின் பெண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களும் கும்பகோணம் கிளம்புவதாகக் கேள்விப்பட்டு, சொல்லிக்கொண்டு வரப் போனேன். வாசலில் இரண்டு மாட்டு வண்டிகளில் பாத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. வக்கீல் யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். அடையாற்றுப் பாலம் தாண்டி, கடலை ஒட்டி அவருக்கு ஒரு மனை இருந்தது. என்றைக்காவது அங்கே ஊர் வரும் என்று வாங்கிப் போட்டாராம்.

"அந்த மணலை இப்போ எவன் வாங்குவான்? ஜப்பான்காரன் முதல் காலை அங்கேதான் வெப்பான்."

"நான் வாங்கிக்கறேன் சார்" என்றேன்.

அந்த நிமிஷம் வரை அப்படியொரு எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போயிருக்கிறேன். பனைமரங்களும் தாழம்புதர்களும் தவிர ஒன்றும் கிடையாது. யாரும் யாரையும் ஓரமாக உட்காரச் சொல்லாத இடம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவர் சிரித்தார். "விளையாடாதேங்கோ டீச்சர். ஆத்துல பெரியவா யாராவது இருந்தா வரச் சொல்லுங்கோ."

"எங்க வீட்ல இப்ப பெரியவ நான்தான்."

சிரிப்பு நின்றது. எப்படியாவது கை கழுவினால் போதும் என்றிருந்தவர், அங்கேயே விலையைச் சொன்னார்.

என் கல்யாணத்துக்கென்று அம்மா செய்து வைத்துவிட்டுப் போன நகைகளை விற்றேன். ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தகப்பனாரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லைங்கறீங்க. யார் பேர்ல முடிக்கிறது?" என்றார்.

"என் பேர்லதான். கையெழுத்து எனக்குப் போடத் தெரியும்."

எல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணனுக்கு எழுதினேன். அடுத்த ரயிலில் வந்து இறங்கினார்.

"அம்மா நகையைக் கடல்ல கொண்டுபோய்க் கொட்டிட்டியே! என் பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்னு நினைச்சிருந்தேன்."

"அம்மா எனக்குப் போட்டது அண்ணே. உங்க பொண்ணுக்கு நீங்க போடுங்க."

அன்று சாப்பிடாமலே திரும்பிப் போனார்.

ஜப்பான்காரன் இறங்கவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அண்ணன் குடும்பமும் வந்தது; எனக்குப் பழையபடி கூடத்து மூலைதான். சண்டை முடிகிற சமயத்தில் பாலத்துக்குத் தெற்கே மனை இருக்கிறதா என்று ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் வக்கீலும் அண்ணனும் சேர்ந்தாற்போல் என் முன்னால் வந்து நின்றார்கள்.

"பயத்துல வித்துட்டேன் டீச்சர்" என்றார் வக்கீல். "நீங்க குடுத்ததுக்கு மேலேயே தரேன்."

"நானும் பயத்துலதான் சார் வாங்கினேன். கடைசி வரைக்கும் அடுத்தவங்க வீட்லயே இருந்துடுவேனோன்னு பயம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் விடவில்லை. "வேலி இல்லை, ஆள் இல்லை. நாளைக்கு எவனாவது குடிசை போட்டுண்டா என்ன பண்ணுவேள்?"

"நானே போட்டுக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததை விழுங்கும் வழக்கம் எனக்கில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மனைக்குப் பக்கத்து மீனவர் குப்பத்துக்குப் போனேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணுக்கு அங்கேதான் வீடு. விஷயத்தைச் சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, தனியாவா? பாம்பு கீது, நரி கீது."

"நீ இருக்கியே."

"நான் கீறேன். எனக்கு ஊட்டுக்காரன் கீறான், புள்ளைங்க கீது. உனக்கு இன்னா கீது?"

"மனை இருக்கு."

அவள் இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வீட்டுக்காரனைக் கூப்பிட்டாள். அவனும் அவன் தம்பிமாரும் பனையோலையில் குடிசை கட்டிக் கொடுத்தார்கள். தோண்டிய முதல் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரித்தது. டீச்சர் திரும்பி வந்துவிடுவாள் என்று சாந்தோமில் பேசிக்கொண்டார்கள். மனையின் மேற்கு மூலையில் இன்னொன்று தோண்டச் சொன்னேன். அதில் நல்ல தண்ணீர் வந்தது; முதல் செம்பை மீன்காரிதான் குடித்தாள். தினமும் காலையில் பாலம் வரை நடந்து பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனேன். முதல் மழைக்காலத்தில் கூரை பறந்தது. குப்பத்தில் இரண்டு இரவு படுத்திருந்துவிட்டு, மறுபடி கட்டினேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் செங்கல் வீடு எழும்பியது. ஓர் அறை, ஒரு சமையலறை, கடலைப் பார்த்த வாசல். கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனை அழைத்திருந்தேன். அன்று வராமல், ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார்.

"கடலைப் பார்த்து வாசல் வெச்சிருக்கியே. உப்புக் காத்துல கீலெல்லாம் துருப்பிடிக்கும்."

"துருப்பிடிச்சா மாத்திக்கறேன். உள்ளே வாங்கண்ணே."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டேன்.