பீரங்கிக்குப் பக்கத்தில் சாச்சி

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினம். கோட்டை எங்கே என்று கேட்டால் பெரியவர்கள் கடலைக் காட்டுவார்கள். அதனால் திருமயத்தில் பீரங்கியோடு நிஜக் கோட்டையே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டதும், பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அதற்கு நான் பிடித்த நாள் அப்படி. என்னைப் பெற்ற அத்தாவின் தம்பியான சாச்சா, கல்யாணமான கையோடு துபாய்க்குத் திரும்பும் நாள். எங்கள் வீட்டில் ஒருவர் பயணம் போகிற அன்று யாரும் யாரையும் ஏசக் கூடாது. போகிறவர் மனம் கோணாமல் போக வேண்டும். வேறு நாளென்றால் அத்தா என் முதுகில் இரண்டு வைத்திருப்பார். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு, திருச்சி விமான நிலையத்துக்குப் போக வேண்டிய வேனைத் திருமயம் பக்கம் திருப்பச் சொன்னார்.

உச்சிப் பாறையில் காற்று ஆளைத் தள்ளியது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையைப் பார்த்த பீரங்கி, வெயிலில் கொதித்துக் கிடந்தது. சாச்சா செல்போனில் படம் எடுத்து முடித்ததும், "எறங்குவோமா? நேரமாச்சு" என்றார் அத்தா. புதுப்பெண்ணான சாச்சியோ பீரங்கிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாரேன் மச்சான். நான் காலேஜ முடிக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வாரேன்" என்றார் அத்தாவைப் பார்த்து.

பெண் பார்க்கப் போனபோது, கடைசி வருஷத்தையும் படிக்கட்டும் என்று தலையாட்டியவர்தான் அத்தா. நிக்காஹ் முடிந்ததும், குடும்பப் பெண்ணுக்கு இனிமேல் எதற்கு பஸ் பயணம் என்று மாற்றிவிட்டார். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்மா" என்றார் அத்தா, அந்த நாளுக்காக வரவழைத்த சிரிப்போடு.

"வீட்ல நீங்க மட்டுந்தான் பேசுவீங்க மச்சான்."

அடேயப்பா! அத்தாவின் முகம் சிவந்தது. ஆனால் ஏச முடியாது. எனக்கோ குஷி தாங்கவில்லை. கோட்டையைப் பிடித்தாயிற்று! ஓடிப்போய் சாச்சியை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். "நானும் வரமாட்டேன்!"

காவலாளி கீழிருந்து விசில் ஊதினார். அத்தா கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அண்ணன் முன்னால் வாய் திறந்தே அறியாத சாச்சா, மெல்ல வந்து சாச்சிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"அவ வந்தாத்தாண்ணே நானும் எறங்குவேன். பிளேன் போனாப் போகுது."

அத்தா இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "போகட்டும், படிக்கட்டும். இப்ப எந்திரிங்க" என்றார். நான் போட்ட கூச்சலில் பாறையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

விமான நிலையத்துக்கு அரக்கப்பரக்கப் போய்ச் சேர்ந்தோம். சாச்சா ஒழுங்காக ஸலாம்கூடச் சொல்லாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

திரும்புகிற வழியில் கீரனூர் தாண்டியதும், சாச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குக் கோபம் வந்தது.

"நாமதான சாச்சி ஜெயிச்சோம்? பொறவு எதுக்கு அழுவுறீங்க?"

சாச்சி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அழுதார். இரண்டு வருஷத்துக்குக் கணவனைப் பிரியப்போகிறவர், அவரோடு இருக்கக் கிடைத்த கடைசிப் பொழுதைத்தான் அந்தப் பாறையில் பணயம் வைத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.