வெறுங்கரை

நகர அபிவிருத்திப் படத்தில் எங்கள் கடற்கரைக்குப் பச்சை நிறம் அடித்திருந்தார்கள். பச்சைக்குள் ஆங்கிலத்தில் இரண்டு சொல். படத்தை விளக்க வைத்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்த அப்பா, "என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வெறுங்கரை எண்டு போட்டிருக்கு."

அந்த வெறுங்கரையில்தான் அப்பாவின் பாடு இருந்தது. கரைவலை இழுக்க, வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரான ஒவ்வொரு சம்மாட்டிக்கும் உரிமையான கடற்கரைத் துண்டைப் பாடு என்போம். கோடை முழுக்க அங்கே நாங்கள் தங்கும் வாடிகளும் தோணியும் வலையும், மூதூரிலிருந்து வந்து இழுக்கும் ஆட்களும், மீன் வியாபாரிகளின் சத்தமுமாக இருக்கும். மாரி தொடங்கினால் வாடியின் கூரைக் கிடுகைக்கூடக் கழற்றிக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுவோம். கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில்தான் கொழும்பிலிருந்து அளக்க வந்திருக்கிறார்கள். குடைக்குள் நின்று பார்த்துவிட்டு, ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா எழும்பி நின்றார். "ஐயா, மாரியில ஆர் கரைவலை இழுக்கிறது? பங்குனியில வந்து பாருங்கோ."

படத்தைக் காட்டிக்கொண்டு நின்ற அதிகாரி சிரித்தார். அவரும் தமிழர்தான், அதனால் எனக்கு இன்னும் எரிந்தது. "இனி மாத்த ஏலாது. இதில விடுதி வாறது போன வருசமே மேலிடத்தில முடிஞ்ச கதை" என்றார்.

அப்படியென்றால் அளந்தது எதற்கு? எங்களைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தியது எதற்கு? திட்டமிடல்தான் கொள்கைக்கு வழிகாட்டும் என்று பிற்காலத்தில் பெரிய ஆட்கள் பேசக் கேட்டிருக்கிறேன். மண்ணாங்கட்டி! நான் கண்ட திட்டம், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பூசிய பச்சை.

"அப்ப எங்கட பாடு?" என்றார் அப்பா.

அதிகாரிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. "உங்கட பாட்டை நீங்கள்தானே பாக்க வேணும்" என்று படத்தைச் சுருட்டினார்.

அடுத்த கோடைக்குள் வேலி போட்டாயிற்று. கரையில் விருந்தினர் இருக்கச் சீமெந்து வாங்குகளும் வந்தன. வலையை விற்க மனமில்லாமல் அப்பா அதை விறாந்தையில் குவித்து வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அவரைக் காணாமல் தேடிப் போனேன். தன் பாடு இருந்த இடத்தில் கட்டியிருந்த வாங்கில் இருந்தார். கீரிமீன் கூட்டம் கரைக்குக் கிட்ட வந்து தண்ணீர் கறுத்துக் கிடந்தது. சட்டென்று எழும்பிக் கையை உயர்த்தி, "தோணியைத் தள்ளுங்கோடா!" என்று கத்தினார்.

விடுதிக் காவலாளி ஓடி வந்தான். "ஐயா, இதில நிக்க ஏலாது."

அப்பா கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கி, வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.