அசன நாளில் ஆடிய தரை

என் அக்கா டெபோரா பாளையங்கோட்டையில் புவியியல் டீச்சர். பக்கவாதத்தில் கால் விளங்காமல் போன அத்தான் எலியேசரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவாள். வழியெல்லாம் பாறைக் கதை. “நம்ம காலடியில கிடக்கது பூமிக்குள்ள ஆழத்துல வெந்து இறுகுன பாறை. மேல இருந்த மலையெல்லாம் மழையில கரைஞ்சு போக, பைய மேல வந்திருக்கு. இது அசையாது.”

கத்தாரிலிருந்து நான் விடுமுறையில் வந்திருந்தபோது கோயிலில் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பந்தியில் சோறு விழுகிற நேரத்தில் தரை உறுமியது. கறிக்குழம்பு வாளிகள் கடகடத்தன. சில நொடிகள்தான். பந்தலை விட்டு முதலில் ரோட்டுக்கு ஓடியவள் அக்கா. நாற்காலிக்குப் பின்னால் அவர் கைக்கு எட்டாத பிரேக்கை அவளே போட்டிருந்ததால் அத்தான் நகர முடியாமல் அங்கேயே இருந்தார்.

அவள் திரும்பி வந்ததும், “என்ன டீச்சர், பாறை அசையாதுன்னு சொன்னீய? பிரேக்கையாவது எடுத்து விட்டிருந்தா நானும் வந்திருப்பேன்லா” என்றார். பந்தியே சிரித்தது.

“பழைய பாறையிலயும் விரிசல் இருக்கும், எப்பவாவது கொஞ்சம் நழுவும்” என்று அக்கா சொல்லத் தொடங்கினாள். அதை யாரும் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது அத்தான், “ஏ டெபோரா, பேசாம வாரியே. பாறைக் கதையச் சொல்லு” என்றார்.

“பூமிக்குள்ள ஆழத்துல...” என்று ஆரம்பித்தாள். ‘அசையாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. அத்தான் கையைப் பின்னால் நீட்டி அவள் கையைத் தேடினார். அவள் கொடுக்கவில்லை. தலை குனிந்தபடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.