லவினாவின் பாதங்கள்

ஸ்கெலட்டன் என்ற பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் லவினாவுக்கு நாற்பத்துமூன்று வயது. ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. விடிவதற்குள் ரயிலேறினால் வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அதுவரை கறுப்பு ஷூவும் நைலான் சாக்ஸும் காலைவிட்டு இறங்காது. வாய் ஜாஸ்தி, பயம் கம்மி. முதலாளியின் காரையே கேட்டில் நிறுத்தி ஐடி கார்டு கேட்டவள். ஆனால் யார் வீட்டு வாசலிலாவது ஷூவைக் கழற்ற வேண்டும் என்றால் மட்டும் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். சுற்றி வளைப்பானேன், அவள் கால் நாறும். சாதாரணமாக அல்ல, பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைத் தேடும் அளவுக்கு.

அவர்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிடுவார். முன்பு பன்னிரண்டும் ஆண்கள்தான். இப்போது பெண்களுக்கும் இடம் உண்டு. தவக்காலத்தின் முதல் ஞாயிறு சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். போன வருஷம் லவினாவின் பெயர் வந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கோயில் பாட்டு வீடுவரை கேட்டது. அவள் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

இந்த வருஷமும் பாழாய்ப்போன சீட்டில் அவள் பெயரே வந்தது.

சீட்டைப் பிரித்த பியாட்ரிஸ் அக்கா அத்தனை பேர் முன்னால் கேட்டாள்: "இன்னா லவினா, இந்த வாட்டியும் காய்ச்சலா?"

"இல்லக்கா. கண்டிப்பா வந்து ஒக்காருவேன்" என்றாள் லவினா.

மறுநாளே லீவு போட்டு ஆண்டர்சன்பேட்டை டாக்டரம்மாவிடம் போனாள். அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் முழுக்க ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள்.

"காலுக்கு இன்னா பண்றீங்க?"

லவினா பெருமையாகச் சொன்னாள்: "காலைல காலக் கழுவினதும் கை நெறையப் பவுடர் போட்டு சாக்ஸ் மாட்டிக்குவேன். வந்ததும் ஷூவ பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டிடுவேன். லைன் வூடு, ஒரே ரூமு. நாத்தம் வெளிய வரக் கூடாதில்ல?"

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "நாத்தத்த நீங்களே ஊறுகா போட்டு வெச்சிருக்கீங்க. வேர்வை தானா நாறாதும்மா, ஈரத்துல வளர்ற கிருமிதான் நாறுது. ஈரக் கால்ல பவுடர் போட்டா மாவுதான் ஆவும். கட்டி வெச்ச ஷூ எப்படிக் காயும்?"

குழிகளுக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். படுக்குமுன் உள்ளங்காலில் தடவ, வியர்வையைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார். சோப்புப் போட்டு விரலிடுக்குவரை கழுவு, ஈரம் போகத் துடை, பருத்தி சாக்ஸ் போடு, மதியம் மாற்று, ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாதே என்றார்.

ஊரெல்லாம் தவக்காலத்துக்குக் கறியை விட்டது; லவினா நைலானை விட்டாள். இன்னொரு ஜோடி ஷூ வாங்கினாள். ஒரு ஜோடி அவளோடு வேலைக்குப் போனால் மற்றது உள் அட்டையை உருவிப் போட்டு வெயில் காய்ந்தது. மதியம் சாக்ஸ் மாற்றுவதைப் பார்த்து உடன் வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். போங்கடா என்று விரல் விரலாகத் துடைத்தாள். இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மருந்தைத் தூக்கி எறியலாமா என்றுகூட ஆத்திரம் வந்தது. எறியவில்லை. நாலாவது வாரம் குழிகள் மூடியிருந்தன. கழற்றிய சாக்ஸைப் பயந்து பயந்து மூக்கருகே கொண்டுபோனாள். துணி வாசம்தான் வந்தது.

பெரிய வியாழன் அன்று லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கால் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ரயில் பங்காருபேட்டையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து நேராகக் கோயிலில் இறங்கியபோது பூசை நடந்துகொண்டிருந்தது. பதினொரு பேர் பீடத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். காலியாக இருந்தது அவள் நாற்காலி மட்டும்தான்.

கதவருகே நின்றாள். விடியற்காலையிலிருந்து அடைபட்டிருந்த கால். திரும்பிப் போய்விடலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் இன்னொரு வருஷம் போர்வைக்குள் கிடக்க அவளால் ஆகாது. யூனிஃபார்மோடு கோயிலின் நடுவே நடந்துபோய் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் அசையவில்லை. முன்வரிசையில் பியாட்ரிஸ் அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், பாவம், ஒன்றும் அகப்படவில்லை. ஃபாதர் முழங்காலிட்டுத் தாம்பாளத்தை அவள் வலது காலுக்குக் கீழே நகர்த்தினார். தண்ணீர் ஜில்லென்று விழுந்தது. நிதானமாகத் துடைத்தார். அவர் முகம் பாதத்தருகே வந்தபோது லவினா மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் முகம் சுளிக்கவில்லை. முத்தமிட்டார், அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அடக்கிய மூச்சு அழுகையும் சிரிப்புமாக வெளியே வந்தது. அவர் எழுந்திருக்கப் போனார். லவினா இடது காலையும் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தாள்.

"இதையும் கழுவுங்க ஃபாதர்!"